நாலு தடவை சர்வீஸ் போயும் லேப்டாப் சரியாகலையா? காசைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு!

புது லேப்டாப். இ.எம்.ஐ இன்னும் பாதிகூட முடியலை. மூணாவது மாசத்துல ஒருநாள் ஸ்கிரீன் திடீர்னு கறுப்பாகுது. சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிட்டுப் போறீங்க. "சாஃப்ட்வேர் பிரச்னைதான், ஓ.எஸ் மாத்திட்டோம்" என்று பத்து நாள் கழித்துத் தருகிறார்கள். ரெண்டு வாரம் ஓடுது. மறுபடியும் கறுப்பு. இந்த முறை "ரேம் மாத்தியாச்சு." அதற்கடுத்த முறை "மதர்போர்டே மாத்தியாச்சு, இனிமே வராது." நாலாவது முறை நீங்கள் உள்ளே நுழையும்போது கவுன்டரில் இருப்பவர் உங்கள் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறார். அந்த அளவுக்குப் பழகிவிட்டீர்கள்! வாரன்டி முடியவோ இன்னும் ஒன்றரை மாதம்தான் பாக்கி.

இந்த இடத்தில் நம்மில் பலர் செய்வது இரண்டே விஷயங்கள். ஒன்று, கம்பெனியை டேக் செய்து கோபமாக ஒரு போஸ்ட். இரண்டு, "போதும்டா சாமி" என்று தெரிந்த கடையில் காசு கொடுத்துச் சரிசெய்துகொள்வது. முதலாவதால் நஷ்டம் எதுவும் இல்லை. இரண்டாவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். வெளியாள் கழற்றிய மறுநிமிடமே, "எங்க ஆளுங்க பண்ணலை, வெளியில திறந்ததாலதான் போச்சு" என்று சொல்ல கம்பெனிக்கு வழி கிடைத்துவிடும். உங்கள் வழக்குக்கு முதல் சாட்சியே அந்த லேப்டாப்தான்.

எத்தனை தடவை ரிப்பேர் ஆனா புதுசு தருவாங்க?

"மூணு தடவைக்கு மேல ரிப்பேர் ஆனா புதுசு கொடுத்தே ஆகணும்னு சட்டம் இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றும். நம் சட்டத்தில் அப்படி ஓர் எண்ணிக்கை கிடையாது. பிரிட்டனில் உண்டு. அங்கே 2015-ம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்கிய 30 நாள்களுக்குள் குறை இருந்தால் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். அதற்குப் பிறகு என்றால், ஒரு முறை ரிப்பேர் செய்தும் சரியாகவில்லையெனில் பொருளை நிராகரிக்கும் உரிமை வாங்கியவருக்கு வந்துவிடும். அமெரிக்காவில் 'லெமன் லா' என்று சொல்வார்கள். அது பெரும்பாலும் கார்களுக்கானது.

இந்தியாவில் நமக்கு இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 20. இதில் எண்ணிக்கை இல்லை. ஆனால், மூன்று கதவுகள் இருக்கின்றன.

முதலாவது, பொருளில் குறைபாடு. தயாரிக்கும்போதே உள்ளே இருந்த கோளாறு. இரண்டாவது, சேவைக் குறைபாடு. பொருள் எப்படியோ போகட்டும், "சரிசெய்து தருகிறேன்" என்று ஏற்றுக்கொண்ட வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்பது. மூன்றாவது, நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பது இதில் வரும். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள்களுக்குள், பணத்தைத் தர மறுப்பதும் இதே கணக்கில்தான் வரும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருப்பார்களே, குறையுள்ள பொருள் விஷயத்தில் அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நுகர்வோர் ஆணையம் - நாம் வழக்கமாக கன்ஸ்யூமர் கோர்ட் என்று சொல்வது - குறையை நீக்கித் தரச் சொல்லலாம், புதுப் பொருள் தரச் சொல்லலாம், விலையை வட்டியோடு திருப்பித் தரச் சொல்லலாம். கூடவே இழப்பீடும் வழக்குச் செலவும் தரச் சொல்லலாம். எல்லாமே 39-வது பிரிவில் இருக்கிறது.

'மாத்திக் கொடு' என்பது அவ்வளவு ஈஸியா?

இல்லை. இதை மறைத்துவிட்டு உங்களை உசுப்பேற்றுவதில் அர்த்தமில்லை.

2006-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கார் வழக்கு வந்தது. மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா. கிளட்ச்சில் கோளாறு, கார் உரிமையாளர் புது வண்டி கேட்டார். "வாரன்டியில் கம்பெனி ஒப்புக்கொண்டது பழுதான பாகத்தைச் சரிசெய்வதையோ மாற்றுவதையோதான், முழு வண்டியை மாற்றுவதை அல்ல" என்று சொல்லி, புது வண்டி தரச் சொன்ன உத்தரவை நீதிமன்றம் ரத்து செய்தது. உங்கள் லேப்டாப் கம்பெனியின் வக்கீல் கையில் முதலில் இருக்கப்போவது அநேகமாக இந்தத் தீர்ப்புதான்.

அப்படியென்றால் நாம் என்ன செய்ய வேண்டும்? 'பாகத்தை மாற்றிப் பார்த்தும் பயனில்லை' என்பதைக் காட்ட வேண்டும். ஒரு ரேம் போனது, மாற்றினார்கள், சரியாகிவிட்டது என்றால் அது சாதாரண வாரன்டி ரிப்பேர். அதற்காகப் புதுசு கேட்டால் கிடைப்பது கஷ்டம். ஆனால், அதே கறுப்பு ஸ்கிரீன், ரேம் மாற்றிய பிறகும், போர்டு மாற்றிய பிறகும், டிஸ்ப்ளே மாற்றிய பிறகும் வருகிறது என்றால், கம்பெனியால் அதைச் சரிசெய்யவே முடியவில்லை என்று அர்த்தம். ஆகவே உங்கள் கேஸில் 'எத்தனை தடவை' என்பதைவிட 'அதே கோளாறா' என்பதுதான் பெரிய கேள்வி.

புகாரில் உற்பத்திக் குறைபாட்டை மட்டும் நம்பி எழுதாதீர்கள். சேவைக் குறைபாட்டையும் சேர்த்தே எழுதுங்கள். உற்பத்திக் குறைபாட்டை நிரூபிக்க நிபுணர் அறிக்கை தேவைப்படலாம். நாலு தடவை வாங்கி வைத்துக்கொண்டு நாலு தடவையும் சரிசெய்யாமல் தந்ததை நிரூபிக்க, அவர்கள் கொடுத்த பேப்பரே போதுமானதாக இருக்கும்.

எல்லாம் அந்த ஒரு தாளில்தான்

அந்தப் பேப்பரின் பெயர் ஜாப் ஷீட். நானும் ஒருமுறை, "மெசேஜ் வரும் சார், நீங்க கிளம்புங்க" என்றதை நம்பி வெறுங்கையோடு வந்தவன்தான். மெசேஜும் வரலை, அந்த விசிட் நடந்ததற்கு ஆதாரமும் இல்லை. அந்த விசிட் கணக்கிலிருந்தே காணாமல் போச்சு!

லேப்டாப்பைக் கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் நாலு விஷயங்களைப் பாருங்கள். தேதி, சீரியல் நம்பர், நீங்கள் சொன்ன கோளாறு, லேப்டாப்பின் வெளித்தோற்றம். இதில் மூன்றாவதில்தான் கோட்டை விடுவோம். நீங்கள் "படம் எடிட் பண்ணும்போது இருபது நிமிஷத்துல ஸ்கிரீன் கறுப்பாகி ஆஃப் ஆகுது, இது மூணாவது தடவை" என்று சொல்வீர்கள். அவர் 'டிஸ்ப்ளே இஷ்யூ' என்று இரண்டே வார்த்தை தட்டுவார். அடுத்த முறை வேறொருவர் 'பவர் இஷ்யூ' என்று போடுவார். நாளைக்கு ஆணையத்தில், "ஒவ்வொரு தடவையும் வேற வேற கோளாறுங்க, நாங்க ஒவ்வொண்ணையும் சரிபண்ணிட்டோம்" என்று அவர்கள் வாதாட இதுவே போதும். அதனால், "நான் சொன்னதை அப்படியே போடுங்க, போன தடவை ஜாப் ஷீட் நம்பரையும் சேருங்க" என்று கேளுங்கள். மறுத்தால், அங்கே நின்றபடியே அதே வாசகத்தை கம்பெனியின் கஸ்டமர் கேர் ஐ.டி-க்கு மெயில் அனுப்பிவிடுங்கள். நேரமும் தேதியும் தானாகப் பதிவாகிவிடும்.

வெளித்தோற்றம் விஷயத்தில் செல்போனே துணை. மேல், கீழ், நான்கு ஓரம், கீல், போர்ட்டுகள் எல்லாவற்றையும் கவுன்டரில் வைத்தே போட்டோ எடுங்கள். ரெண்டு வாரம் கழித்து "தண்ணி பட்டிருக்கு, ஓரம் அடிபட்டிருக்கு, வாரன்டி செல்லாது" என்று போன் வந்தால் பேசுவதற்கு அந்த போட்டோ வேண்டும். தண்ணீர் பட்டது என்று சொன்னால், எந்த இடத்தில் என்று உள்பாகத்தின் போட்டோவோடு எழுத்தில் கேளுங்கள்.

திரும்ப வாங்கும்போதும் ஒரு கையெழுத்து கேட்பார்கள், அல்லது ஓ.டி.பி. 'கோளாறு சரியானது, திருப்தி' என்ற வாசகத்துக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். 'பெற்றுக்கொண்டேன், இன்னும் சோதிக்கவில்லை' என்று பக்கத்தில் எழுதிப் போடுங்கள். என்ன பாகம் மாற்றினார்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பல பிராண்டுகளின் வாரன்டி விதிகளில், மாற்றும் பாகம் புதிதாகத்தான் இருக்க வேண்டும் என்று இருக்காது. புதுப்பிக்கப்பட்ட பாகமும் போடலாம் என்றே இருக்கும். மாற்றிய பாகத்துக்குத் தனி வாரன்டி உண்டா என்பதையும் அதே விதிகளில் பாருங்கள்.

அடுத்த தலைவலி, சர்வீஸ் சென்டரில் வைத்துப் பார்த்தால் கோளாறு வரவே வராது. பல்வலி டாக்டரைப் பார்த்ததும் நின்றுவிடுவதுபோல. "எல்லாம் ஓகே, நோ ஃபால்ட்" என்று திருப்பித் தந்துவிடுவார்கள். இதற்கு வீடியோதான் மருந்து. கோளாறு வரும்போது, ஸ்கிரீன், கீழே இருக்கும் சீரியல் நம்பர், வேறொரு போனில் தெரியும் தேதி நேரம், மூன்றும் ஒரே வீடியோவில் வருகிற மாதிரி எடுங்கள். விண்டோஸ் லேப்டாப் என்றால் இன்னொரு வசதி இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று டைப் செய்தால், எந்தெந்த நாளில் சிஸ்டம் கிராஷ் ஆனது, எதிர்பாராமல் அணைந்தது என்று தேதிவாரியாக ஒரு வரைபடம் வரும். சிவப்புப் பெருக்கல் குறிகளாக வரிசையாக நிற்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஓ.எஸ் மாற்றினால் அந்தப் பதிவுகளும் போய்விடும் என்பதால், ஒவ்வொரு முறை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்பும் எடுத்துவிடுவது நல்லது.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் டேட்டாவை பேக்கப் எடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது பிட்லாக்கர். இது ஆன் ஆகியிருந்தால், மதர்போர்டு மாற்றிய பிறகு லேப்டாப் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் உள்ளே இருப்பது எதுவும் உங்களுக்கில்லை. உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் அந்த கீ இருக்கிறதா என்று இன்றே பார்த்து, பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டேட்டா போனதற்குப் பொறுப்பில்லை என்று வாரன்டி விதிகளிலும் ஜாப் ஷீட்டிலும் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள்.

நான் ஃப்ரீலான்ஸர், எனக்கு இது பொருந்துமா?

"நீங்க இதை வெச்சு சம்பாதிக்கிறீங்க, இது வணிகப் பயன்பாடு, நீங்க நுகர்வோரே கிடையாது" என்று எதிர்த்தரப்பு சொல்லும். வீடியோ எடிட்டர், டிசைனர், டைப்பிங் வேலை செய்பவர்கள் இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக, தானே பயன்படுத்தும் பொருளை வாங்கியவர் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. 1995-ல் லக்ஷ்மி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் வழக்கில் - ஆமாம், நம்ம கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி-தான் - உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அன்றைக்கு அவர்கள் காட்டிய உதாரணங்களில் ஒன்று டைப்ரைட்டர். பிழைப்புக்காகத் தானே உட்கார்ந்து டைப் அடித்துக் கொடுப்பவர் நுகர்வோர்தான். டைப்ரைட்டர் இருந்த இடத்தில் இன்று உங்கள் லேப்டாப். ஆனால் கம்பெனி பெயரில், ஜி.எஸ்.டி பில்லோடு, ஊழியர்களுக்காகப் பத்து லேப்டாப் வாங்கியிருந்தால் கதை வேறு.

யார் மேல புகார்?

கடைக்காரர் "கம்பெனியைக் கேளுங்க" என்பார். கம்பெனி "சர்வீஸ் சென்டரைக் கேளுங்க" என்னும். சர்வீஸ் சென்டர் "பார்ட்ஸ் வரலை சார்" என்னும். மூவரையும் எதிர்த்தரப்பில் சேர்த்துவிடுங்கள். யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதை ஆணையம் பார்த்துக்கொள்ளும்.

ஆன்லைனில் வாங்கியிருந்தால், பில்லில் இருக்கும் விற்பனையாளர் பெயரைப் பாருங்கள். நீங்கள் ஆர்டர் போட்ட ஆப் வேறு, உண்மையில் விற்றவர் வேறாக இருப்பார். 2020-ம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளின்படி, ஆன்லைன் தளத்தில் ஒரு குறைதீர்ப்பு அதிகாரி இருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவோ, பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கவும் கூடாது. 'ரிட்டர்ன் விண்டோ முடிஞ்சிருச்சு' என்பது மனசு மாறித் திருப்பிக் கொடுப்பவர்களுக்கான கெடு. குறையுள்ள பொருளுக்கு அதுதான் கடைசி வார்த்தை என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஒரு மெயில். கோபம் வேண்டாம், உணர்ச்சியும் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

'இந்தத் தேதியில், இந்த பில் எண்ணில், இவ்வளவு ரூபாய்க்கு, இந்த சீரியல் எண் கொண்ட லேப்டாப்பை வாங்கினேன். பயன்பாட்டின்போது திரை கறுப்பாகி அணைந்துவிடும் அதே கோளாறுக்காக இந்த நான்கு தேதிகளில், இந்த ஜாப் ஷீட் எண்களில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். ரேம், மதர்போர்டு மாற்றிய பிறகும் கோளாறு நீங்கவில்லை. மொத்தம் இத்தனை நாள்கள் லேப்டாப் உங்கள் வசம் இருந்தது. எனவே புது லேப்டாப் தரும்படியோ, முழு விலையைத் திருப்பித் தரும்படியோ கேட்டுக்கொள்கிறேன். 15 நாள்களுக்குள் எழுத்துபூர்வமாகப் பதில் தரவும்.'

வாரன்டி முடிவதற்குள் இந்த மெயில் போயாக வேண்டும். அவர்கள் தேதியை இழுத்தடித்தாலும், வாரன்டிக்குள்ளேயே சொன்னீர்கள் என்பதற்கு இதுதான் சாட்சி.

பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் செய்யுங்கள். இலவசம். 88000 01915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் புகார் தரலாம். அவர்கள் புகாரை கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும், கஸ்டமர் கேரில் மாதக்கணக்கில் அசையாதது இங்கே அசைவதுண்டு. காசு செலவில்லாத வழி என்பதால் முயற்சி செய்துவிடலாம். அங்கே கிடைக்கும் புகார் எண்ணும் உங்கள் ஃபைலில் ஒரு தாள்தான்.

அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு நோட்டீஸ். வக்கீல் மூலமாகத்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை, நீங்களே எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாம். டெலிவரி ஆனதற்கான விவரத்தை டிராக்கிங்கில் பார்த்து பிரின்ட் எடுத்து வையுங்கள்.

பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் இங்கேதான். எவ்வளவு காஸ்ட்லியான கேமிங் லேப்டாப் என்றாலும் இதற்குள் அடங்கிவிடும்! 5 லட்சம் ரூபாய் வரை புகார் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 'இ-ஜாக்ரிதி' போர்ட்டலில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் பெங்களூரிலோ குருகிராமிலோ இருக்கட்டும், நீங்கள் திருநெல்வேலியில் குடியிருந்தால் திருநெல்வேலியிலேயே புகார் கொடுக்கலாம். 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய மாற்றம் இது. விதிகளில் 'தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன்தான்' என்று இருந்தாலும், நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதை அது தடுக்காது. இதை 2018-ல் எமார் எம்.ஜி.எஃப் எதிர் அஃப்தாப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது.

கெடு முக்கியம். பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். எந்த நாள் என்று குழப்பம் வந்தால், பாதுகாப்பாக முதல் ரிப்பேர் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

தாக்கல் செய்த பிறகு

எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள்கள், அதிகபட்சம் இன்னும் 15 நாள்கள். பொருளைச் சோதித்தால்தான் குறை தெரியும் என்று ஆணையம் கருதினால், சீல் வைத்து அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பும். அறிக்கைக்கு 45 நாள்கள். அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். லேப்டாப்பை விற்காமல், திறக்காமல் வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான். சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட இழுக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வேலைக்குக் கைப்பொருள் வேண்டுமே என்றால், நண்பரிடம் இரவல் வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். அந்த வாடகை ரசீதை பத்திரமாக வையுங்கள். இழப்பீட்டில் 'மன உளைச்சல்' என்று பெரிய தொகை போடுவதைவிட, ரசீதோடு கேட்கும் செலவுக்கு மதிப்பு அதிகம்.

சாதகமாக உத்தரவு வந்தும் கம்பெனி அசையவில்லை என்றால், அதை நிறைவேற்றக் கேட்டு மனு போடலாம். உத்தரவை மதிக்காதவர்களுக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 72-வது பிரிவு சொல்கிறது.

ஆனால், நோட்டீஸ் போன பிறகோ முதல் வாய்தாவுக்கு முன்போ கம்பெனியிலிருந்து ஒரு போன் வரவும் வாய்ப்புண்டு. "சார், செட்டில் பண்ணிக்கலாமா?" தாராளமாகப் பேசுங்கள். மாற்றித் தருவது புத்தம்புதிய பாக்ஸ் பீஸா, புதுப்பிக்கப்பட்டதா? அதே மாடல் நின்றுபோயிருந்தால் எதைத் தருகிறார்கள்? அதற்கு வாரன்டி எந்தத் தேதியிலிருந்து? இந்த மூன்றுக்கும் பதிலை மெயிலில் வாங்குங்கள். 'முழு மற்றும் இறுதித் தீர்வு' என்ற தாளை நீட்டினால், புது லேப்டாப் கைக்கு வந்து, சீரியல் நம்பரைப் பில்லோடு ஒத்துப்பார்த்த பிறகு, அல்லது பணம் அக்கவுன்டில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். பழைய லேப்டாப்பைக் கொடுக்கும் முன் உங்கள் அக்கவுன்ட்டுகளிலிருந்து லாக் அவுட் செய்து, டிரைவை முழுக்க அழித்துவிட்டு, அதற்கும் ஒரு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.